கூப்பிட ஒரு வார்த்தை

சாயங்காலம் விளக்கு வைத்ததும் எனக்கு வேண்டியவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி மாரியம்மனிடம் வேண்டிக்கொள்வது என் வழக்கம். அம்மா, வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், கீழ்வீட்டில் முழங்கால் வலியோடு கிடக்கிற பெரியவர் வரைக்கும் சொல்லிவிடுவேன். ஒருவரிடம் வரும்போது மட்டும் நாக்கு நின்றுவிடும். அவரை என்னவென்று சொல்வது? முறை எதுவும் இல்லை. பெயர் தெரியும், ரேஷன் கார்டில் படித்திருக்கிறேன். ஆனால் நாலு வருஷம் எனக்குச் சோறு போட்டு வளர்த்தவரைப் பெயர் சொல்லிப் பேச வாய் வராது. அதனால் முகத்தை மட்டும் நினைத்துக்கொள்வேன். அகலமான முகம். மூக்குக்குப் பக்கத்தில் உளுந்து அளவு மச்சம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அம்மனுக்கு ஆள் தெரியாமலா இருக்கும்?

அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அடக்கத்துக்குப் போயிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணுங்க?" என்று கேட்டார். நான் கொண்டுபோன மாலையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். "தெரிஞ்சவங்க" என்று சொன்னேன். சொன்னதும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

எனக்கு ஏழு வயதில் அப்பா இறந்துவிட்டார். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போனவர், அங்கேயே விபத்தில் போய்விட்டார். இளம்பிள்ளையில் எங்கள் வீடு. அதற்குப் பிறகு அம்மாவுக்கு மனசு கலங்கிவிட்டது. தறி முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பாள், தறி ஓடாது. அடுப்புப் பற்ற வைக்க மறந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், யாரோ வந்து நிற்கிற மாதிரி பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சொந்தக்காரர்கள் யாரும் என்னைக் கூட்டிப்போக வரவில்லை. கடைசியில் குழந்தைகளுக்கான ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்து, அம்மாவுக்குக் குணமாகும் வரைக்கும் என்னை ஒரு குடும்பத்தில் விடுவதாகச் சொன்னார். அந்தக் குடும்பம் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலை ரோடு ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மேஸ்திரி வேலை பார்க்கிற ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் உள்ள வீடு. வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். பிள்ளை கிடையாது.

போன அன்று மேடம் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "இனிமே இவங்கதான் உனக்கு அம்மா. எங்கே, அம்மான்னு கூப்பிடு பார்க்கலாம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரியின் மனைவி தடுத்துவிட்டார்.

"அப்படிச் சொல்லிக் குடுக்காதீங்க மேடம். இந்தப் புள்ளைக்கு அம்மா இருக்காங்க."

"ஒரு பாசத்துக்குத்தாங்க சொன்னேன்."

"பாசம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். அந்த வார்த்தை அவங்களுது."

மேடம் சிரித்துவிட்டார். "அப்ப உங்களை என்னன்னுதான் கூப்பிடறது?"

"என்னமோ ஒண்ணு கூப்பிடட்டும். அதுவா வரும்."

அதுவாக வரவில்லை. ஆன்ட்டி என்று கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அவர்கள் பொழுது சாய்ந்தால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுக்கிறவள். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. ஒருநாள் பயந்து பயந்து, "பெரியம்மான்னு கூப்பிடட்டுங்களா?" என்றேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் கொஞ்சம் யோசித்தார். "அதுலயும் அம்மா இருக்குதே சாமி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முறத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் எனக்கு மிஞ்சியது 'ஏனுங்க'தான். எங்கள் பக்கத்தில் வழிப்போக்கரிடம் நேரம் கேட்பதானாலும் ஏனுங்க, கடைக்காரரைக் கூப்பிடுவதானாலும் ஏனுங்க. அதையேதான் நாலு வருஷமும் அவரைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, தலை சீவி உடுங்க." "ஏனுங்க, கணக்கு வாத்தியார் அடிச்சுட்டாருங்க."

இதில் ஒரு சங்கடம் வந்தது. அவர் தம் வீட்டுக்காரரைக் கூப்பிடுவதும் ஏனுங்க என்றுதான். நான் அடுப்படியைப் பார்த்து "ஏனுங்க" என்றால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மேஸ்திரி "என்ன?" என்று திரும்புவார்.

"நீங்க திரும்ப வேண்டாம். புள்ள என்னையக் கூப்பிடுது."

"அதெப்படி உனக்குத் தெரியும்?"

"உங்களைன்னா மேஸ்திரின்னும்."

"இருவது வருசமா இவ ஏனுங்க ஏனுங்கன்னு கூப்பிட்டு என்னைப் பழக்கி வெச்சிருக்கறா. இப்ப ஊட்டுக்குள்ள ஆரு சொன்னாலும் தூக்கிவாரிப் போடுது, என்ன வாங்கியாறச் சொல்லப் போறாங்களோன்னு."

மேஸ்திரியை ஊரே மேஸ்திரி என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்தவர் பொருளை அடுத்தவர் பொருளாகவே வைத்திருப்பது மேஸ்திரி மனைவியின் சுபாவம். ஒரு தடவை எங்கிருந்தோ வழிதவறி ஒரு வெள்ளாடு வந்து வாசலில் நின்றது. குட்டி போட்ட ஆடு, மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தது. கட்டிப்போட்டுத் தழை போட்டார். "கறந்து உட்டீன்னா அதுக்கும் வலி தீரும், நமக்கும் டீக்கு ஆச்சு" என்றார் மேஸ்திரி. அவர் மனைவி கறந்தார். கறந்த பாலைத் தூக்குப்போசியில் ஊற்றி, வெயிலில் தெருத்தெருவாக நடந்து ஆட்டுக்காரரைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். ஆட்டைக் கூட்டிப்போக வந்த ஆள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் கணக்கில் நானும் அப்படி வந்து நின்ற ஒன்றுதானோ என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

தினமும் அவர்கள் இரண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்வார்கள். என்னை உட்காரச் சொல்லமாட்டார். "நீ படி" என்பார். செவ்வாய்க்கிழமையானால் தலைக்கு ஊற்றி, மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவார். வாசல் வரைக்கும்தான் வருவார். என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பார். "உள்ள போயி நல்லாக் கும்பிட்டுட்டு வா சாமி. திருநீறு அழிஞ்சு போகாம பாத்துக்க."

சர்ச்சுக்குப் போகிற பாதையும் அதுதான் என்பதால் அவருடைய ஆட்களும் பார்ப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச் சாமியாரே கேட்டுவிட்டார். "பிள்ளையை நம்ம வழியிலேயே கொண்டுவந்திரலாமே?"

"அவங்கம்மா வந்து, எம்புள்ள நெத்தியில திருநீறு எங்கேன்னு கேட்டா நா என்னங்க சாமி சொல்றது?"

சாமியார் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு எனக்கு இருக்கிற பக்தி என் அம்மா கொடுத்தது பாதி என்றால், சிலுவை போட்ட ஒருவர் வெயிலில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்று காப்பாற்றிக் கொடுத்தது மீதி. ஆனால் அந்த நாளில் உள்ளே போய் அம்மனிடம் நான் என்ன கேட்டேன் தெரியுமா? தன்னை அம்மா என்று கூப்பிட இவர் என்னை விடவேண்டும் என்று கேட்டேன். ஒவ்வொரு செவ்வாயும் அதே வேண்டுதல்தான்.

எனக்குக் காதும் குத்தவில்லை. எட்டு வயதில், ஒன்பது வயதில், வகுப்பில் நான் ஒருத்திதான் வெறும் காது. "மொட்டக்காது, மொட்டக்காது" என்று பின்னாலேயே வருவார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னேன். மேஸ்திரிக்கே மனசு கேட்கவில்லை. "அஞ்சு நிமிச வேலை. ஆசாரிகிட்ட கூட்டிட்டுப் போயி குத்தி உட்டுரு" என்றார்.

"பெத்தவ பாக்காம காது குத்துவாங்களா? அவங்க வந்து ஆசையாக் குத்தட்டும்."

"அவங்க எப்ப வந்து…" என்று மேஸ்திரி ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அப்போது நான் அந்த வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவைப் பார்த்த டாக்டர், பிள்ளையை ஒரு தடவை கூட்டிவந்து காட்டிப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். போகிற அன்று இவர் விடிந்ததிலிருந்து என்னைப் பாடாய்ப் படுத்தினார். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டார். பிடிக்கவில்லை என்று பிரித்து மறுபடியும் போட்டார். "உங்கம்மா உட்டுட்டுப் போன மாதிரியே இருக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குப் புளிச்சாதம் கட்டி எடுத்துக்கொண்டோம். இரண்டு பஸ் மாறிப் போனோம்.

அம்மா மரத்தடியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, மரியாதையாக, "ஆரு புள்ளைங்க இது? லட்சணமா இருக்குது. உங்குளுதுங்களா?" என்றாள்.

"இல்லீங்க. உங்குளுதுங்க. நா பாத்துக்கிட்டிருக்கறேன், அவ்வளவுதான்."

"எனக்கேதுங்க புள்ள" என்று அம்மா சிரித்தாள். புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்து, எனக்கு ஒரு வாய் நீட்டி, "நீ சாப்பிட்டயா சாமி?" என்று கேட்டாள். ஊரில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் கேட்கிற மாதிரி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. இரண்டு பேர் சீட்டில் நானும் அவரும். பாதி வழி வந்த பிறகு ஆரம்பித்தேன்.

"ஏனுங்க."

"என்ன சாமி?"

"அவங்கதான் எனக்குப் புள்ளையே இல்லைன்னு சொல்லிட்டாங்கல்லங்க."

"ம்."

"இனிமே உங்களை அம்மான்னு கூப்பிடட்டுங்களா?"

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏற்றி, கிளம்பியது. சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"வேண்டாஞ் சாமி."

"ஏனுங்க?"

இந்த ஏனுங்க அவரைக் கூப்பிட்டது இல்லை. காரணம் கேட்டது. இரண்டு வருஷத்தில் அன்றைக்கு ஒரு தடவைதான் அந்த வார்த்தையை அதன் சொந்த அர்த்தத்தில் சொன்னேன். அவருக்கும் அது புரிந்தது.

"உங்கம்மா திரும்பி வாரப்ப அந்த எடம் காலியா இருக்கோணும். அதுல நா ஏறி உக்காந்துட்டேன்னா அவங்க எங்க போயி நிப்பாங்க?"

எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. வேண்டாம் என்றது மட்டும்தான் காதில் விழுந்தது. இறங்கியதும் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். கடிக்காமல் வீடு வரைக்கும் கையில் வைத்திருந்து, மூலையில் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. காய்ச்சல் வந்தால் யாரும் அம்மா அம்மா என்றுதான் முனகுவார்கள், அதற்குக் கோபித்துக்கொள்ள முடியாது. ஒரு மழைக்காலத்தில் எனக்கு நல்ல காய்ச்சல் வந்தது. மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போடும்போது, கண்ணை மூடிக்கொண்டு, நினைவோடுதான், "அம்மா" என்றேன். அவரைத்தான் சொன்னேன். துணியைப் பிழிந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. துணியை என் நெற்றியில் போட்டுவிட்டு, "வருவாங்க சாமி" என்றார்.

எனக்குப் பதினொரு வயது நடக்கும்போது அம்மாவுக்குக் குணமாகிவிட்டது. மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடவேண்டும் என்றார்கள். இளம்பிள்ளையில் தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற வேலைக்கு ஒருவர் சேர்த்துக்கொண்டார். மேடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். விருந்தாளி வந்தால் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தேன். சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, "ஏனுங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்றேன்.

"ஆரைப் பாத்து ஏனுங்கங்கறே?"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அம்மாதான் பயந்துபோய், "உடுங்க, உடுங்க. புள்ளைக்குப் பழக்கம் உட்டுப்போச்சு" என்றாள். அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் வரவில்லை. மேஸ்திரி எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உள்ளே போனவர் நாலு வருஷம் அந்த இடத்தில் ஒருவரும் உட்காராமல் காத்து வைத்திருந்தார். அம்மா வந்தபோது, அந்த இடமே எனக்கு மறந்துபோயிருந்தது. அதுதான் அவரை அடித்துவிட்டது என்று இப்போது தெரிகிறது.

பையைக் கொண்டுவந்து கொடுக்கும்போது முகம் கழுவியிருந்தார். "ஒரு வருசத்துக்கு இந்தப் பக்கம் வராதே. எங்களையே நெனச்சுட்டிருந்தீன்னா அங்க ஒட்டாது" என்றார்.

"போன் பண்ணட்டுங்களா?"

"வேண்டாம்."

பஸ்ஸில் அம்மா என்னிடம், "சன்னல் பக்கம் உக்கார்றீங்களா?" என்றாள். "இல்லீங்க, நீங்க உக்காருங்க" என்றேன். பெற்றவளும் பிள்ளையும் ஊரார் மாதிரி ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டு இளம்பிள்ளை வரைக்கும் போனோம். வீட்டிலும் அப்படித்தான் இருந்தோம். மூன்று மாதம் கழித்து, வீட்டுக்குப் பின்னால் விறகு எடுக்கப் போன இடத்தில் தேளைப் பார்த்துவிட்டு "அம்மா!" என்று அலறினேன். பயந்தால் எல்லோருக்கும் வருகிற வார்த்தைதான். ஆனால் அம்மா பாவு நூலை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னையத்தானே கூப்பிட்டே?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் 'ங்க' போய்விட்டது.

அவர் சொன்ன ஒரு வருஷம் முடிந்த மறுவாரம் நானும் அம்மாவும் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனோம். எனக்குக் காது குத்த நாள் பார்த்தாயிற்று. அம்மாதான், "மொதல்ல அவங்களுக்குத்தான் சொல்லோணும்" என்று வெற்றிலை பாக்கு வாங்கி வைத்திருந்தாள். தெருமுனையிலிருந்தே அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் போய் நின்றோம். கதவு திறந்திருந்தது.

உள்ளே, பின்கட்டிலிருந்து, ஒரு சின்னப் பெண்ணின் மழலைக் குரல் கேட்டது.

"அம்மா! அம்மா, சோப்பு கண்ணுல!"

"வாரேன் சாமி, வாரேன். அம்மா வந்துட்டேன்."

அவர் குரல்தான். அம்மா என்று தன்னையே சொல்லிக்கொள்கிறார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நின்றேன்.

ஈரத்தோடு ஒரு மூன்று வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே என் முகத்தைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துகொண்டார். ஆனால் என்னிடம் சொல்லாமல், என் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இவுளுக்கு ஆரும் இல்லீங்க. ஒருத்தருமே இல்ல."

காப்பி போட்டுக் கொடுத்தார். அம்மா வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். அவர் என் காதுமடலை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அந்தக் குழந்தை அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து அம்மா, அம்மா என்று ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் "ம்" என்றார்.

திரும்பும்போது அம்மா பஸ்ஸில் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"நீயும் அவங்களை அப்படித்தான் கூப்பிட்டுட்டிருந்தயா?"

"இல்லம்மா."

"ஏன் சாமி? கூப்பிட்டிருக்கலாமில்ல. நானே ஆருன்னு தெரியாம எங்கயோ கெடந்தேன். புள்ள வாய் நெறைய ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தா எனக்கென்ன கொறஞ்சா போயிருக்கும்?"

உண்மையைச் சொல்வதென்றால், 'உனக்காகத்தான் அம்மா' என்று சொல்லவேண்டும். அம்மா அப்போதும் தினம் இரண்டு வேளை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தோணலம்மா" என்றேன்.

அம்மா நம்பிவிட்டாள். "கல் நெஞ்சு புள்ளையா இருந்திருக்கறே போ" என்று சொல்லி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அது பொய் என்று அம்மனிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு அறுபது ஆகப்போகிறது, என்னோடுதான் இருக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட எதிரே கட்டிலில் உட்கார்ந்து பேரப்பிள்ளைக்குச் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டு, "என்னடி அவ்வளவு நேரமா எழுதறே?" என்று கேட்டாள். சீட்டுக் கணக்கு என்றேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.